திருப்பி அனுப்பிய மீன்

காமினே, இவாத்தே
2017 டிசம்பர் 28

மோரியோ,

நீ அனுப்பிய உப்புச் சால்மன் நேற்றுச் சாயங்காலம் வந்து சேர்ந்தது. பெரிய மீன், நல்ல மீன். இந்தக் கடிதத்தோடு அதே பெட்டியில் திருப்பி அனுப்புகிறேன்.

ஆண்டுக் கடைசியில் அக்காவுக்குப் பரிசு அனுப்ப வேண்டும் என்று தோன்றியதே, அதுவரைக்கும் சந்தோஷம். ஆனால் யோசித்துப் பார். நான் சால்மன் குஞ்சு பொரிப்பகத்தின் பொறுப்பாளர். இந்த வருஷம் நம் ஆற்றுக்கு மீனே வரவில்லை என்று ஊர் முழுக்கச் சிரிக்கிறது. அந்த வீட்டுக்கு ஹொக்கைடோ சால்மனா? கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்தாயா? பார்சல்காரன் வாசலில் நின்று, "அம்மா, எரிமோலேருந்து சால்மன் வந்திருக்கு!" என்று போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

அக்டோபர் சங்கக் கூட்டத்தை நான் மறக்கவில்லை. அத்தனை மீனவர்களுக்கு நடுவில், பெரிய வலைக்கே தலைவனான நீ எழுந்து நின்று சொன்னாய்: "எங்க அக்கா வளக்கறது மீனில்ல. கடற்காக்கைக்குத் தீனி." எல்லோரும் சிரித்தார்கள். சங்கத் தலைவர் நகாசாவா வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார். அடுத்த மாதமே வலையை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு எரிமோவுக்குப் படகு ஓட்டப் போய்விட்டாய். நான்தான் இங்கே இருந்துகொண்டு அந்தச் சிரிப்பைத் தினமும் கேட்கிறேன்.

போன் பண்ணாதே. எடுத்தால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய், அப்புறம் எனக்குத் தூக்கம் கெடும். சொல்ல ஏதாவது இருந்தால் எழுது. எழுதும்போதாவது உன் புத்தி வாயை முந்துகிறதா பார்ப்போம்.

சுமியே


எரிமோ, ஹொக்கைடோ
2018 ஜனவரி 15

அக்கா,

மீன் வந்தது. போனபோது இருந்ததைவிட உப்பு கூடியிருந்தது. உன் கோபம் ஊறியிருக்கும் போல. படகில் இருக்கிற பயல்கள் எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டோம். "உங்க அக்கா ரொம்ப நல்லவங்க கேப்டன், அடுத்த வருஷமும் திருப்பி அனுப்பச் சொல்லுங்க" என்கிறான்கள்.

நான் உன்னை அவமானப்படுத்தச் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததைச் சொன்னேன். மே மாதம் நடுவில் வருஷா வருஷம் என்ன நடக்கிறது? மழலையர் பள்ளிப் பிள்ளைகள் சிவப்பு வாளியோடு ஆற்றங்கரையில் வரிசையாக நிற்கிறார்கள். மேளம் அடிக்கிறார்கள். பத்திரிகைக்காரன் படம் எடுக்கிறான். நகாசாவா பேசுகிறார். அந்த நாளுக்காக நீ குஞ்சுகளைத் தொட்டியில் அடைத்து வைத்திருந்து, விழா முடிந்ததும் மொத்த மதகையும் திறக்கிறாய். ஆற்றில் எல்லாம் அழகாகத்தான் போகிறது. கடலில் அந்த வாரம் வலை தூக்குகிறவன் நான். தண்ணீரில் கை வைத்தால் சில்லென்று இல்லை. தெற்கிலிருந்து சூட்டோடு சேர்ந்து கானாங்கெளுத்திக் கூட்டம் வந்து நிற்கிறது. அதன் வயிற்றைக் கீறினால் உள்ளே உன் குஞ்சுகள். பொடிப்பொடியாக, கண் மட்டும் பெரிதாக. எத்தனை வருஷம் நான் அதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பது?

நம் அப்பா காலத்தில் மே மாதத்தில் கடல் குளிர்ந்து கிடந்தது. அப்போது அந்தத் தேதி சரி. இப்போது கடல் காலண்டர் பார்ப்பதில்லை.

இன்னொன்று. இங்கே உள்ள சங்கத்தில் முட்டை உபரியாக இருக்கிறது. கேட்டால் தருவார்கள். உன் தொட்டி காலியாகக் கிடக்க வேண்டாம். யோசித்துச் சொல்.

மோரியோ


காமினே
2018 பிப்ரவரி 20

மோரியோ,

உன் கடிதத்தைக் கிழித்துப் போடலாம் என்று எடுத்தேன். அப்புறம் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சதயோ அம்மாவின் படகில் ஏறினேன். கடற்பாசி அறுவடை நடக்கிறது. அவர் தன் பாசிக் கயிற்றில் ஒரு வெப்பமானியைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார், பாசிக்கு எப்போது நோய் வரும் என்று பார்க்க. நான் கேட்டேன், மே மாதம் எவ்வளவு காட்டும் என்று.

"மேயா? மே மாசம் பாசியே வெந்து போகுது, நான் ஏப்ரலோட கயித்தைச் சுருட்டிடுவேன்" என்றார். "நீ ஏன் கேக்குற? உன் மீனு அந்தத் தண்ணியிலயா போகுது? அடப்பாவமே!"

பொரிப்பகத்துக்கும் அவர் பாசிக் கயிற்றுக்கும் நடுவில் கூப்பிடு தூரம். நான் தொட்டித் தண்ணீரின் சூட்டைத் தினமும் மூன்று வேளை பார்க்கிறேன். எதிரே இருக்கிற வளைகுடாவில் என்ன நடக்கிறது என்று நாங்கள் யாரும் எட்டிப் பார்த்ததில்லை. ஆற்றோடு எங்கள் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டோம்.

ஆனால் நீ ஒன்றைச் சொல்லவில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் "இந்த வருஷம் எத்தனை லட்சம் விட்டீங்க?" என்று கேட்டது யார்? நீங்கள்தான். எவ்வளவு கொழுத்தது, எவ்வளவு தூரம் நீந்தும் என்று ஒருவன் கேட்டதுண்டா? எண்ணிக்கை குறைந்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வீர்கள். அதனால் தொட்டியில் கடுகு போட்டால் கீழே விழாத மாதிரி நெருக்கி வளர்த்தோம். நெருக்கத்தில் வளர்ந்த குஞ்சு சோனியாகத்தான் இருக்கும்.

உன் எரிமோ முட்டை எனக்கு வேண்டாம். பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த மீன்கள் செப்டம்பரில் ஊர் திரும்பும் வம்சம். செப்டம்பரில் நம் கடலும் ஆறும் இன்னும் சூடு அடங்காமல் இருக்கும். நம் ஆற்று மீன் டிசம்பரில், பனி விழ ஆரம்பித்த பிறகு வரும். அந்த வழக்கம் அதன் ரத்தத்தில் இருக்கிறது. கொஞ்சம்தான் வந்திருக்கிறது என்றாலும் அந்தக் கொஞ்சத்தின் முட்டையை வைத்துத்தான் நான் பார்க்கப் போகிறேன்.

பாதிக் குஞ்சு, இரட்டிப்பு இடம், தொட்டியில் வேகமான நீரோட்டம், நல்ல தீனி. கடல் குளிராக இருக்கும்போதே மார்ச் கடைசியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விடுவது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், நாம் அளக்காமலேயே கொட்டினோம். நகாசாவாவிடம் சொன்னேன்.

"சுமியே, தொட்டி பாதி காலியா கெடந்தா பாக்கறவன் என்ன சொல்லுவான்?"

"மீனுக்கு நீந்த எடம் இருக்குன்னு சொல்லட்டும்."

"பிள்ளைங்க விழா?"

"மார்ச்சுல வைங்க."

"பனியிலயா? தாய்மாருங்க என்னை உரிச்சுத் தொங்கப் போட்டுருவாங்க!"

இந்த வருஷம் அசையவில்லை. அடுத்த வருஷம் விடமாட்டேன்.

கோபம் போய்விட்டது என்று நினைக்காதே.

சுமியே


எரிமோ
2018 மார்ச் 11

அக்கா,

எண்ணிக்கை கேட்டது நாங்கள்தான். இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக நீ கடுகு டப்பாவில் மீன் வளர்க்க வேண்டுமா?

சரி, நீ சொல்கிறபடியே செய்கிறாய் என்று வை. நாலு வருஷம் கழித்து ஒரு மீன் வருகிறது. அது உன் கொழுத்த குஞ்சா, பழைய சோனிக் குஞ்சா, இல்லை பக்கத்து ஊர்க்காரன் விட்டதா? எப்படிச் சொல்வாய்? நெற்றியில் பேர் எழுதி அனுப்புவாயா? அடையாளம் இல்லாமல் கூட்டத்தில் நீ என்ன பேசினாலும் நகாசாவா கொட்டாவி விடுவார். நான் இருந்தாலும் விடுவேன்.

இங்கே குளிர் எலும்பைத் துளைக்கிறது. காற்றில் என் தொப்பி பறந்து போய்விட்டது, அது இந்நேரம் காமினேவுக்கே வந்திருக்கும். பார்த்தால் எடுத்து வை.

மோரியோ


காமினே
2019 மார்ச் 30

மோரியோ,

பேர் எழுதிவிட்டேன்.

போன இலையுதிர்காலக் கூட்டத்தில் நகாசாவா கடைசியில் இறங்கி வந்தார். பாதி மீன் உன் வழி, பாதி மீன் பழைய வழி, ஒரே ஒரு தடவை என்றார். இதில் ஒன்றும் தெரியாவிட்டால் வரும் அக்டோபர் கூட்டத்தில் பொரிப்பகத்தை மூட ஓட்டுக்கு விடுவார்களாம். "நஷ்டத்துக்கு ஒரு அளவு இருக்கும்மா" என்றார். மூடிவிட்டால் நம் ஆற்று வம்சம் அதோடு போயிற்று. ஆற்றுக்கு நடுவே அணைகள் வந்த பிறகு தானாக முட்டையிட அதற்கு இடம் ஏது?

அதனால் பிப்ரவரி முழுக்கச் சங்கத்துப் பெண்களைக் கூட்டி உட்கார வைத்துக் கத்தரித்தோம். சால்மனுக்கு முதுகில், வால் பக்கமாக, மருப்போல ஒரு சின்னச் சதைத் துடுப்பு இருக்குமே, மார்ச்சில் விடுகிற மீனுக்கு அதை வெட்டினோம். பழைய வழியில் மே மாதம் விடப்போகிற மீனுக்கு இடது வயிற்றுத் துடுப்பு. நகம் வெட்டுகிற கத்தரி, விரல் நீளம்கூட இல்லாத மீன், பனித் தண்ணீர். எல்லாவற்றிலும் வெட்ட முடியுமா, முடிந்த மட்டும் வெட்டினோம்.

"என் புருஷனுக்குக்கூட நான் இத்தனை கவனமா முடி வெட்டினதில்ல" என்றார் ஒரு பெண்.

"அவருக்கு வெட்ட என்ன இருக்கு?" என்றார் சதயோ அம்மா. எழுபது வயதில் அந்தக் கிழவிக்கு வாய் மட்டும் குறையவே இல்லை. சிரித்த சிரிப்பில் கத்தரி நழுவி, ஒரு மீனுக்கு வாலையே வெட்டப் பார்த்தேன்.

நேற்று முதல் குஞ்சுக் கூட்டத்தை ஆற்றில் விட்டோம். சதயோ அம்மா படகிலிருந்து கையசைத்தார், தண்ணீர் சரியாக இருக்கிறது என்று. பிள்ளைகள் வந்தார்கள். கையுறை, கம்பளித் தொப்பி, மூக்கெல்லாம் சிவப்பு. தாய்மார் யாரும் நகாசாவாவை உரிக்கவில்லை. பிள்ளைகள் பனியில் விளையாடியதுதான் விழா, மீனை யார் பார்த்தார்கள்! ஆனால் நான் பார்த்தேன். மதகைத் திறந்ததும் எப்போதும் குஞ்சுகள் தண்ணீர் இழுத்த பக்கம் போகும். இவை திரும்பி, நீரோட்டத்தை எதிர்த்துக் கொஞ்ச நேரம் நின்றன. அப்புறம்தான் தங்கள் இஷ்டத்துக்குப் போயின.

பிழைத்தால் கோடையில் உன் எரிமோ முனையைச் சுற்றித்தான் வடக்கே போக வேண்டும். வேறு வழி கிடையாது. உன் வலைப்பக்கம் வந்தால் சொல். வராவிட்டாலும் சொல்.

உன் தொப்பி வரவில்லை.

சுமியே


எரிமோ
2019 ஜூலை 9

அக்கா,

நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்.

ஜூன் மாதமே மீன்வள நிலையத்துக்குப் போய் அனுமதி வாங்கினேன், குஞ்சு சால்மனைச் சும்மா பிடிக்கக் கூடாது என்பதால். வலையின் ஓரத்தில் சின்னக் கண் வைத்த ஒரு பையைக் கட்டித் தொங்கவிட்டேன். படகுப் பயல்கள் உயிரை வாங்கிவிட்டார்கள். "கேப்டனுக்கு வயசாயிடுச்சு, கடலுக்கே கொசுவலை கட்டறாரு." காலையில் பையைத் தூக்கினால் ஜெல்லிமீனும் குப்பையும். தினமும் அதேதான். நான் உன்னைத் திட்டிக்கொண்டே தூக்கினேன்.

முந்தாநாள் பைக்குள் வெள்ளியாக ஏதோ துள்ளியது. சால்மன் குஞ்சுகள், கைவிரல் அளவு வளர்ந்து, உருண்டு திரண்டு. இங்குள்ள ஆறுகளின் குஞ்சாகத்தான் இருக்கும் என்று ஒவ்வொன்றாக எடுத்து முதுகைத் தடவினேன். துடுப்பு இருந்தது, இருந்தது, இருந்தது. அப்புறம் ஒன்றில் விரல் வழுக்கிக்கொண்டு வால்வரைக்கும் போயிற்று. மறுபடி தடவினேன். இல்லை. அக்கா, அங்கே ஒன்றும் இல்லை! அந்த இடம் வழவழவென்று இருந்தது. நான் கத்திய சத்தத்தில் இன்ஜின் ஓட்டுகிறவன் எவனோ கடலில் விழுந்துவிட்டான் என்று மிதவையைத் தூக்கி எறிந்துவிட்டான்.

மொத்தம் மூன்று. முதுகு வெட்டினது. வயிற்றுத் துடுப்பு வெட்டினது ஒன்றுகூட இல்லை, இன்றைக்கும் பார்த்தேன். அந்த விரல் நீளப் பயல்கள் காமினேயிலிருந்து இத்தனை கடலைத் தாண்டி என் கைக்கு வந்திருக்கின்றன. எனக்கு அழுகை வந்தது, காற்றில் கண் கலங்குகிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

பனிக்கட்டியில் வைத்து அனுப்பியிருக்கிறேன், அக்டோபர் வரைக்கும் உறைபெட்டியில் போட்டு வை. இந்த மீனைத் திருப்பி அனுப்பினால் நடக்கிறதே வேறு. கூட்டத்தில் மேஜைமேல் வை. கீழே எழுதியிருப்பதை நகாசாவா காதில் விழும்படி படி:

"நான் கடற்காக்கைக்குத் தீனி என்று சொன்னது மே மாதக் குஞ்சை. அதில் ஒரு வார்த்தையையும் மாற்றிக்கொள்ள மாட்டேன். இது மார்ச் குஞ்சு. மூடுகிறவர்கள் இதைக் கையில் எடுத்து முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு மூடட்டும். — பெரிய வலை மோரியோ."

மோரியோ


காமினே
2019 அக்டோபர் 25

மோரியோ,

நீ மன்னிப்புக் கேட்கவில்லை என்பதைக் கவனித்தேன். கூட்டத்தில் இருந்தவர்களும் கவனித்தார்கள். நான் படித்து முடித்ததும், போன தடவை போலவே சிரித்தார்கள். ஆனால் இது வேறு சிரிப்பு.

மூன்று மீனையும் தட்டில் வைத்து ஒவ்வொரு கையாகக் கொடுத்தேன். எத்தனை காலமாக மீன் பிடிக்கிறவர்கள், தாங்கள் விட்ட குஞ்சு கடலுக்குள் போன பிறகு எப்படி இருக்கும் என்று யாரும் பார்த்ததில்லை. நகாசாவா கண்ணாடியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டித் தடவிப் பார்த்தார். "கொழுத்துத்தான் இருக்கு" என்றார்.

"மூணே மூணு மீனை வெச்சு ஊரை ஏமாத்தாதீங்க, யானைப் பசிக்குச் சோளப்பொரியா?" என்று பின்னால் ஒருவர் கேட்டார். அதுவும் நியாயம்தான். நான் பதில் சொல்வதற்குள் சதயோ அம்மா எழுந்துவிட்டார். "அந்த மூணும் சோனிப் பக்கத்துலேருந்து வந்திருந்தா நீ இப்படிக் கேப்பியா? மீனு திரும்பி வர்ற வரைக்கும் பொறுக்க முடியலன்னா நீ எதுக்குய்யா மீன் பிடிக்க வந்த?"

இந்தக் குஞ்சுகள் ஊர் திரும்பும் வரை பொரிப்பகம் இருக்கும். 2022 டிசம்பர் வரைக்கும். அதுவரை எல்லாக் குஞ்சையும் குளிர் தண்ணீரிலேயே விடுவது. வந்தால் தொடரும், வராவிட்டால் மூடுவது, மறுபேச்சு இல்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. எரிமோவுக்கு அப்பால் எத்தனை பெரிய கடல்! இனி யார் முதுகைத் தடவிப் பார்ப்பார்கள்?

சுமியே


எரிமோ
2021 நவம்பர் 30

அக்கா,

இந்த நோய்த் தொல்லையில் இரண்டு வருஷமாக ஊருக்கு வர முடியவில்லை. போனிலாவது பேசியிருக்கலாம், ஆனால் நமக்குப் பேசி வழக்கம் விட்டுப் போய்விட்டது.

இங்கேயும் நிலைமை சரியில்லை. சால்மன் வலையில் தென்கடல் மஞ்சள்வால் மீன் வந்து நிறைகிறது. இந்த ஊர்க்காரர்களுக்கு அதை எப்படிச் சமைப்பது என்றே தெரியவில்லை. இங்குள்ள பொரிப்பகத்து ஆள் நேற்று வந்து, "உங்க அக்கா எந்தச் சூட்டுத் தண்ணியில விடறாங்க? தொட்டியில எவ்வளவு எடம் விடறாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஒரு காலத்தில் நமக்கு முட்டை தருகிறேன் என்றவர்கள்! நீயே அவருக்கு எழுது. நான் சொன்னால் தப்பாகச் சொல்வேன்.

மூன்று வருஷ மீன் ஏதாவது வந்ததா? நீ எழுதவில்லை என்றால் வரவில்லை என்றுதான் அர்த்தம். மனசைத் தளர விடாதே. நான்காவது வருஷம்தான் கணக்கு, உனக்குத் தெரியாததா.

மோரியோ


காமினே
2022 டிசம்பர் 19

தம்பி,

வந்துவிட்டன.

முதலில் நவம்பர் முழுக்க ஒன்றும் இல்லை. டிசம்பர் முதல் வாரம் ஒன்றிரண்டு வந்தன, துடுப்பெல்லாம் முழுசாக. நகாசாவா தினமும் ஆற்றில் மீன் பிடிக்கக் கட்டிய தடுப்புப் பக்கம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். நான் பொரிப்பகத்துச் சாவியை எந்த ஆணியில் மாட்டிவிட்டுப் போவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

போன வாரம் நல்ல பனி விழுந்தது. விடிந்ததும் போனால் தடுப்புக்குள் தண்ணீர் கறுத்துப் புரண்டது. ரப்பர் உடுப்போடு இறங்கி முதல் மீனை அணைத்துத் தூக்கினேன். ஆண், மூக்கு வளைந்து, முரட்டுப் பயல். முதுகில் விரலை வைத்தேன். நீ எழுதினாயே, விரல் வழுக்கிக்கொண்டு வால்வரை போயிற்று என்று. அப்படியே போயிற்று மோரியோ! கரையில் நகாசாவா, "என்ன, என்ன?" என்று கத்துகிறார். நான் மீனை அவர் பக்கம் தூக்கிக் காட்டினேன். அவரே காலணியோடு இறங்கிவிட்டார், தண்ணீர் முழங்காலுக்கு மேலே. அவரும் தடவினார். "வழுக்குதும்மா" என்றார். அப்புறம் அந்த மனுஷன் அழுதார்.

ஊரை நிமிர்த்திவிடும் அளவுக்கு வந்துவிடவில்லை. அப்பா காலம் திரும்பி வராது, அது எனக்குத் தெரியும். ஆனால் முதுகு வெட்டினது நிறையவே வருகிறது. வயிறு வெட்டினது இதுவரை ஒன்றே ஒன்று. இந்த வருஷம் எங்கிருந்தும் முட்டை கேட்க வேண்டியதில்லை. நம் ஆற்று மீனே போதும். நேற்றுக் கூட்டத்தில் மூடுவது பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. நகாசாவா பழைய பழக்கத்தில் "அடுத்த வருஷம் எத்தனை லட்சம்?" என்று ஆரம்பித்து, தானே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

உன் பழைய பெரிய வலையிலும் சில கிடைத்தன. அதில் ஒரு ஆண் மீனை உப்புப் போட்டு, கூரை ஓரத்துக் காற்றில் தொங்கவிட்டு உனக்கு அனுப்புகிறேன். முதுகைத் தடவிப் பார்த்துவிட்டுச் சாப்பிடு. அந்த வலைக்கு இப்போது இருக்கிற தலைவனுக்கு முதுகுவலி, விட்டுவிடப் போகிறானாம். சும்மா சொன்னேன்.

அக்கா


எரிமோ
2022 டிசம்பர் 26

அக்கா,

மீன் வந்தது. பெரிய மீன், நல்ல மீன். அதே பெட்டியில் திருப்பி அனுப்புகிறேன்.

திட்டாதே, மேலே படி. பயல்கள் கத்தியைத் தீட்டிக்கொண்டு சுற்றி நின்றார்கள். நான் முதுகைத் தடவிப் பார்த்தேன், அதன்பிறகு யாரையும் கிட்டே விடவில்லை. இத்தனை கடலைச் சுற்றி நாலு வருஷம் கழித்து ஊருக்குப் போய்ச் சேர்ந்த மீனை மறுபடி எரிமோவில் வைத்தா சாப்பிடுவது? அதற்கு மனசு வரவில்லை.

பார்சல்காரனிடம் கொடுக்கவில்லை. நானே தூக்கிக்கொண்டு வருகிறேன். இங்கே கணக்கை முடித்துவிட்டேன். புத்தாண்டுக்கு முதல் நாள் மத்தியானம் வண்டி காமினேவுக்கு வந்து சேரும். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தால் திறக்கட்டும்.

சோறு மட்டும் வடித்து வை.

மோரியோ